காய்ச்சலுக்கு யார் சாட்சி? மெடிக்கல் சர்டிபிகேட் பற்றி ஓர் எளிய விளக்கம்

கட்டபெட்டிலிருந்து தினமும் குன்னூருக்கு வேலைக்கு வந்துபோகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஞாயிறு இரவு காய்ச்சல். திங்கள் முழுக்கக் கம்பளிக்குள்ளேயே கிடக்கிறார். வெளியே விடாத மழை, வீட்டில் பாராசிட்டமால் இருக்கிறது, ஒரு நாளில் சரியாகிவிடும் என்று எண்ணம். சரியாகவில்லை. செவ்வாய் காலை கோத்தகிரி அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறார். டாக்டர் பார்த்துவிட்டு மூன்று நாள் ஓய்வு வேண்டும் என்று எழுதித் தருகிறார். வெள்ளிக்கிழமை வேலையில் சேர்கிறார். ஆபீஸ் கணக்கில் அவர் வராதது நான்கு நாள். சர்டிபிகேட் சொல்வது மூன்று நாள். மாசக் கடைசியில் ஒரு நாள் சம்பளம் குறைகிறது. "உடம்பு சரியில்லைன்னு கவர்மென்ட் டாக்டரே எழுதிக் கொடுத்திருக்காரே சார்" என்று அவர் கேட்பதும் நியாயம். "திங்கக்கிழமையைப் பத்தி அதுல ஒண்ணுமே இல்லையேப்பா" என்று மேனேஜர் சொல்வதும் நியாயம்.

நீலகிரியில் நான் பார்த்த வரையில், நோய் விடுப்புத் தகராறுகளில் பாதிக்கு மேல் இந்தத் திங்கள்கிழமை மாதிரிதான். உடம்பு முடியாமல் போன நாள் ஒன்று, டாக்டர் கண்ணில் பட்ட நாள் வேறொன்று. சமவெளியில் தெருமுனையிலேயே கிளினிக் இருக்கும். இங்கே பஸ்ஸைப் பிடித்து மலையைச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது.

சான்று கேட்கும் முதலாளிக்குத் தெரிய வேண்டியவை இவ்வளவுதான்: இவரால் வேலை செய்ய முடியாமல் இருந்ததா, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, இதற்கு யார் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்கிறார். நோயின் பெயர்கூட அதற்கு அடுத்ததுதான். சர்க்கரை நோய் உள்ள எத்தனையோ பேர் தினமும் வேலைக்கு வருகிறார்கள். நோய் இருக்கிறது, விடுப்பு தேவையில்லை. கணுக்கால் பிசகிய பெண்ணுக்கு நோயென்று ஒன்றுமில்லை, ஆனால் சரிவில் நின்று கொழுந்து பறிக்க அவரால் முடியாது. டாக்டர் எழுதித் தருவது இந்த "முடியாது" என்பதையும் அதன் தேதிகளையும்தான்.

அந்தத் தாள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒழுங்கான படிவமே உண்டு. மருத்துவர்களின் தொழில் நடத்தை பற்றி இந்திய மருத்துவக் குழு 2002இல் கொண்டுவந்த விதிமுறைகளின் பின்னிணைப்பில் அது இருக்கிறது. மேலே நோயாளியின் கையெழுத்து அல்லது கைரேகை. அடையாளக் குறி. பிறகு, "மேலே கையெழுத்திட்டுள்ள இவரைக் கவனமாகப் பரிசோதித்தேன், இன்ன நோயால் அவதிப்படுகிறார், உடல்நிலை தேற இந்தத் தேதியிலிருந்து இத்தனை நாள் பணிக்கு வராமல் இருப்பது அவசியம்" என்ற பொருளில் டாக்டரின் உறுதிமொழி. அதே படிவத்தின் மறுபாதி, குணமான பிறகு "இவர் பணியில் சேரத் தகுதியாக இருக்கிறார்" என்று தரும் ஃபிட்னஸ் சர்டிபிகேட். டாக்டரின் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். மருந்துச் சீட்டு, சான்று, பண ரசீது எல்லாவற்றிலும் பதிவு எண்ணைப் போட வேண்டும் என்பது அதே விதிமுறைகளில் உள்ள கட்டளை.

காய்ச்சலுக்கு வாங்கும் தாளில் "இடது முழங்கையில் ஒரு மச்சம்" எதற்கு என்று சிரிக்கிறவர்கள் உண்டு. தம்பியை அனுப்பி அண்ணன் பேரில் சான்று வாங்குவதைத் தடுக்கத்தான். டாக்டர் தான் தரும் சான்றுகளுக்கென்று ஒரு பதிவேடு வைத்து, ஒவ்வொன்றின் நகலையும் வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் விதி சொல்கிறது. இதன் பலன் உங்களுக்கும் உண்டு. ஆபீஸில் தாள் தொலைந்துபோனால் அந்தப் பதிவேடுதான் உங்கள் சாட்சி.

இப்போது திங்கள்கிழமைக்கு வருவோம். "டாக்டர், திங்கக்கிழமையிலிருந்தே போட்டுக் கொடுங்க" என்று கேட்பது நம் ஊரில் சகஜம். கேட்கிறவருக்கு அது பொய்யாகவே தோன்றாது. உண்மையிலேயே திங்களன்று படுத்துத்தானே கிடந்தார். ஆனால் டாக்டர் திங்களன்று அவரைப் பார்க்கவில்லை. பார்த்த தேதியை மாற்றி எழுதினால், அது உண்மைக்கு மாறான சான்று. அப்படிக் கையெழுத்திடுகிற மருத்துவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்தே நீக்கலாம் என்று அதே 2002 விதிமுறைகள் சொல்கின்றன. மறுக்கிற டாக்டரைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைக்க வேண்டாம்.

அதற்கு நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. சான்றின் தேதி செவ்வாயாகவே இருக்கட்டும். அதற்குள் "இரண்டு நாளாகக் காய்ச்சல் என்று நோயாளி சொல்கிறார், பரிசோதனையில் காண்பது அதற்குப் பொருந்துகிறது" என்று ஒரு வரி எழுதச் சொல்லிக் கேட்கலாம். இதில் டாக்டர் தான் பார்த்ததைத் தனியாகவும், கேட்டதைத் தனியாகவும் சொல்கிறார். பெரும்பாலான டாக்டர்கள் இதற்கு மறுப்பதில்லை. மேனேஜர் அதை ஏற்பாரா என்பது அவர் கையில் இருக்கிறது. ஏற்காவிட்டால் அந்த ஒரு நாளைத் தற்செயல் விடுப்பில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள், சம்பளம் பிடிக்கும் பேச்சே வராது.

அதைவிட முக்கியம், திங்கள் காலையிலேயே தகவல் சொல்லிவிடுவது. போனில் சொன்னாலும் கையோடு ஒரு வாட்ஸாப் செய்தி அனுப்பிவிடுங்கள். அதில் நேரம் பதிவாகும். நீளமாக வேண்டாம். "சார், நேற்று இரவிலிருந்து காய்ச்சல். இன்று வேலைக்கு வர முடியவில்லை. மழையால் இன்று ஆஸ்பத்திரி போக முடியவில்லை, நாளை காலை கோத்தகிரியில் காட்டிவிட்டுச் சொல்கிறேன்." இது போதும். செவ்வாயன்று தருகிற சான்றுக்கு, திங்கள் காலை எட்டு மணிக்கு அனுப்பிய இந்தச் செய்திதான் பக்கத்துணை. தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், பந்தலூர் பக்கமும், வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரி பக்கமும் மண் சரிந்து ரோடு அடைபடுவது புதிதல்ல. பஸ் ஓடவில்லை என்றால் அதையும் அன்றே எழுதிவிடுங்கள். நான்கு நாள் கழித்துச் சொன்னால் சாக்காகத் தோன்றும்.

வேறு தாள்களை நீட்டிப் பலர் ஏமாறுகிறார்கள். மெடிக்கல் ஷாப் பில் யாரோ மாத்திரை வாங்கினார்கள் என்பதை மட்டும் காட்டும். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் எண்கள் இருக்கும். வேலை செய்ய முடியுமா என்று இருக்காது. ஓ.பி. சீட்டு கொஞ்சம் மேல். அன்று அந்த ஆஸ்பத்திரியில் நீங்கள் இருந்தீர்கள் என்பதற்கு அது உறுதியான சான்று, ஒரு நாள் விடுப்புக்குப் பல இடங்களில் அதுவே போதும். ஆனால் எத்தனை நாள் ஓய்வு என்று டாக்டர் அதில் எழுதியிருந்தால்தான் மற்ற நாள்களுக்கு உதவும். உள்நோயாளியாகப் படுத்து வந்தவருக்கு டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கும். சேர்த்த தேதியும் அனுப்பிய தேதியும் அதில் வந்துவிடும். வீட்டுக்கு வந்தபின் எத்தனை நாள் ஓய்வு என்பதை மட்டும் கேட்டு எழுதி வாங்க வேண்டும். போனில் வீடியோவில் டாக்டரிடம் பேசி வாங்கும் மருந்துச் சீட்டு செல்லும். 2020இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் அதற்கு இடம் தருகின்றன. விடுப்புச் சான்றின் படிவமோ நேரில் கையெழுத்தையும் அடையாளக் குறியையும் கேட்கிறது. அதனால் மழையில் மாட்டிக்கொண்ட நாளில் போனில் பேசி மருந்து எழுதி வாங்குங்கள், அந்தச் சீட்டுக்குத் தேதி உண்டு. ரோடு திறந்ததும் நேரில் போய்ச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள்.

எத்தனை நாளுக்குச் சான்று தேவை, விடுப்புக்குச் சம்பளம் உண்டா என்பது நீங்கள் எங்கே வேலை செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஊட்டி கமர்ஷியல் சாலையில் ஒரு கடையிலோ தனியார் அலுவலகத்திலோ வேலை என்றால், தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. அதன் 25ஆம் பிரிவு ஆண்டுக்கு 12 நாள் வரை நோய் அல்லது விபத்துக்காகச் சம்பளத்துடன் விடுப்பு தருகிறது; தற்செயல் விடுப்பு 12 நாள் அதற்கு வெளியே. இது முதலாளியின் தயவு என்று நினைத்துக்கொண்டிருக்கும் கடைப் பையன்கள் இன்னும் இருக்கிறார்கள். ஹோட்டல்களுக்கென்று 1958இல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது. எத்தனையாவது நாளிலிருந்து சான்று வேண்டும் என்பதை நிறுவனங்கள் தாங்களே வகுத்துக்கொள்கின்றன. இரண்டு நாளைத் தாண்டினால் கேட்பது வழக்கம். உங்கள் வேலை உத்தரவின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள், பெரும்பாலும் அங்கே இருக்கும். அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள் கதை வேறு. மருத்துவச் சான்றின் பேரில் விடுப்பு எடுத்தால், ஃபிட்னஸ் சர்டிபிகேட் இல்லாமல் திரும்பச் சேர முடியாது.

பே ஸ்லிப்பில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கான காப்பீடு அது. உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி தருவது 3.25 சதவீதம். 18,000 ரூபாய் வாங்குபவருக்கு மாதம் 135 ரூபாய் பிடிப்பார்கள். இந்தப் பிடித்தம் இருந்தால் சான்றின் விதியே மாறிவிடும். தனியார் டாக்டர் எழுதித் தருவதை ஆபீஸ் ஏற்றாலும், ஈ.எஸ்.ஐ. பணம் வர அவர்களுடைய மருத்துவ அதிகாரி தரும் சான்று வேண்டும். அவசரத்தில் வேறு டாக்டரிடம் போயிருந்தால் அந்தத் தாள்களை எல்லாம் எடுத்துக்கொண்டு சீக்கிரமே ஈ.எஸ்.ஐ. டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். மாற்றுச் சான்றாக அதை ஏற்க இடமிருக்கிறது, ஆனால் அவர்கள் திருப்தியானால்தான்.

தருகிற பணம் முதலாளியிடமிருந்து வருவதில்லை, ஈ.எஸ்.ஐ. கழகம் நேராக உங்கள் வங்கிக் கணக்கில் போடுகிறது. சராசரி தினக் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. முதல் 2 நாளுக்கு இல்லை. முந்தைய நோய் முடிந்து 15 நாளுக்குள் மறுபடி படுத்தால் மட்டும் அந்த 2 நாள் காத்திருப்பு கிடையாது. தினக் கூலி 600 ரூபாய் என்றால் ஒரு நாளுக்கு 420. பத்து நாள் சான்றுக்கு எட்டு நாள் கணக்கு, 3,360 ரூபாய். இதற்கும் ஒரு தகுதி உண்டு: ஆறு மாதச் சந்தா காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்குப் பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. வேலைக்குச் சேர்ந்த மறுமாதமே படுத்தவருக்குச் சிகிச்சை கிடைக்கும், பணம் கிடைக்காது. சிகிச்சை எடுக்கிற காலத்தில் மருத்துவ அதிகாரியின் அனுமதி இல்லாமல் ஊரைவிட்டுப் போகவும் கூடாது. அம்மா வீட்டில் இருந்தால் நல்லா இருக்கும் என்று திருப்பூருக்குக் கிளம்பும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரு பாதுகாப்பும் சேர்ந்து வருகிறது: இந்த நோய்ப் பலன் வாங்குகிற காலத்தில் உங்களை வேலையிலிருந்து நீக்கவோ தண்டிக்கவோ முதலாளிக்கு உரிமையில்லை. 1948 ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 73ஆம் பிரிவில் இருந்த விதி அது.

ஊட்டி ஹோட்டலில் அறை துடைப்பவருக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறது, பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் அவர் கணவருக்கு இல்லை. ஏன் என்று வீட்டுக்குள் குழப்பம் வரும். தேயிலை, காபி, ரப்பர், சர்க்கரை போன்றவற்றைத் தயாரிப்பதையே தொழிலாகக் கொண்ட ஆலைகளை ஈ.எஸ்.ஐ. சட்டம் பருவகாலத் தொழிற்சாலை என்று வகைப்படுத்தி வெளியே விட்டிருக்கிறது. நீலகிரியில் பறிப்பு ஆண்டு முழுக்க நடக்கிறது, அதனால் இந்த வகைப்பாடு எனக்கு என்றுமே பொருத்தமாகப் பட்டதில்லை. ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

எஸ்டேட்டில் பேர் பதிந்து வேலை செய்பவர்களுக்கு வழி வேறு. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியையும் முதலாளியின் தலையிலேயே வைத்தது. அதன் 20ஆம் பிரிவுப்படி, தகுதியுள்ள மருத்துவர் சான்று தந்தால் நோய்க்காலப் படியை எஸ்டேட்டே தர வேண்டும் என்று இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் இந்தச் சட்டமும் ஈ.எஸ்.ஐ. சட்டமும் சேர்க்கப்பட்டுவிட்டன, எஸ்டேட் ஆபீஸில் இன்னும் பழைய பெயர்தான் புழங்குகிறது. இங்கே கவனிக்க வேண்டியது "தகுதியுள்ள மருத்துவர்" என்பதை. எஸ்டேட் டிஸ்பென்சரியில் தினமும் இருப்பவர் கம்பவுண்டரோ நர்ஸோதான். டாக்டர் குறிப்பிட்ட நாளில் வந்துபோகிறவராக இருப்பார். கம்பவுண்டர் ஊசி போட்டு அனுப்பியது சான்றாகாது. ஆனால் அவர் நோட்டில் உங்கள் பெயரும் தேதியும் ஏறியிருந்தால், டாக்டர் வரும் நாளில் அதைப் பார்த்து எழுத அவருக்கு ஆதாரம் இருக்கிறது. "கம்பவுண்டர் அண்ணே, நோட்டுல பேரு எழுதிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டே வாருங்கள். மேஸ்திரியிடம் வாயால் சொன்னதோடு நிறுத்தினால், செக்ரோலில், அதாவது எஸ்டேட்டின் வருகைப் பதிவேட்டில், வெறும் ஆப்சென்ட் என்றுதான் விழும்.

நோயின் பெயரைச் சொல்லத்தான் வேண்டுமா? படிவத்தில் அதற்கு இடம் இருக்கிறது, சாதாரணக் காய்ச்சலுக்கு யாரும் கூச்சப்படப் போவதில்லை. ஆனால் கருச்சிதைவு, மனநலச் சிகிச்சை, மூல நோய் என்று வரும்போது சின்ன ஊரில் அந்தத் தாள் எத்தனை கை மாறும் என்ற பயம் நியாயமானது. குன்னூரில் காலையில் சொன்னது சாயங்காலம் வெலிங்டனில் கேட்கும். டாக்டருக்கு நோயாளியின் ரகசியத்தைக் காக்கும் கடமை உண்டு. "சிகிச்சையில் இருக்கிறார்", "சிறு அறுவைச் சிகிச்சை" என்று பொதுவாக எழுதச் சொல்லிக் கேளுங்கள். ஆபீஸுக்கு அது போதவில்லை என்றால், விவரத்தை ஒட்டிய உறையில் எச்.ஆர். ஒருவருக்கு மட்டும் தருகிறேன் என்று சொல்லலாம். மனநலச் சிகிச்சை விவரங்களின் ரகசியத்தை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமையாகவே தருகிறது. எச்.ஐ.வி. பற்றி அதே ஆண்டு வந்த சட்டம் இன்னும் கண்டிப்பானது: அந்த நிலையை வெளியிடும்படி வேலைக்காக யாரும் கட்டாயப்படுத்த முடியாது, அதைக் காரணமாக வைத்து வேலையில் பாகுபாடு காட்டவும் கூடாது.

மறுபக்கமும் இருக்கிறது. சந்தேகம் வந்தால் முதலாளி சரிபார்க்கலாம். டாக்டரின் பதிவு எண் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் இருக்கிறதா என்று பார்ப்பது எளிது, சான்று உண்மையில் அவர் தந்ததா என்று ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கேட்பதும் வழக்கம். இன்னொரு டாக்டரிடம் பரிசோதிக்கச் சொல்லி அனுப்புவதற்குப் பல நிறுவனங்களின் விதிகளில் இடமிருக்கிறது. போக மறுத்தால் சந்தேகம்தான் கூடும். இருநூறு ரூபாய்க்கு எந்தத் தேதிக்கும் எழுதித் தருகிற ஆள் எல்லா ஊரிலும் உண்டு. அந்தத் தாள் ஒரு நாள் பிடிபட்டால், வராத நாள்களுக்கான கணக்கு அங்கே முடியாது. பொய் ஆவணம் தந்தது தனிக் குற்றச்சாட்டாகி, விசாரணை வைத்து வேலையே போகும். இரண்டு நாள் சம்பளத்துக்காக அந்த ஆபத்தை ஏன் எடுக்கிறார்கள் என்று எனக்கு விளங்கியதில்லை.

எழுதிய நாள்களுக்குள் குணமாகவில்லை என்றால், அவை முடிகிற நாளிலோ அதற்கு முன்போ மறுபடி டாக்டரைப் பார்த்து நீட்டிப்புச் சான்று வாங்குங்கள். இடையில் ஒரு நாள் விட்டால்கூட மறுபடியும் திங்கள்கிழமைக் கதைதான். ஆலைகளில் இது இன்னும் பெரிய விஷயம். ஆலைகளின் வேலை விதிகளுக்கு முன்மாதிரியாக வெகுகாலமாகப் பின்பற்றப்பட்டுவரும் மாதிரி நிலையாணைகளில், அனுமதித்த விடுப்பு முடிந்து 8 நாளுக்குள் திரும்பிவந்து காரணம் சொல்லாதவர் தன் வேலையின் மீதான உரிமையையே இழக்கலாம் என்று ஒரு விதி இருக்கிறது. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்கு இது தெரியாது. வீட்டில் இருப்பவர்கள் யாராவது தேதியைக் கணக்கு வைத்திருக்க வேண்டும்.

கொடுக்கும் விதத்திலும் ஒரு முறை இருக்கிறது. சான்று கைக்கு வந்ததும், பஸ் ஏறும் முன்பே ஐந்து விஷயங்களைப் படித்துப் பாருங்கள்: பெயரில் எழுத்துப்பிழை, தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, முத்திரை, பதிவு எண். தவறை அங்கேயே திருத்த இரண்டு நிமிடம். வீட்டுக்கு வந்தபின் என்றால் இன்னொரு நாள் பயணம். பிறகு போனில் ஒரு படம். அசலை ஆபீஸில் தந்து, நகல் மேல் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு ஒரு கையெழுத்து வாங்குங்கள். அதற்குக் கூச்சமாக இருந்தால், எடுத்த படத்தை எச்.ஆர். ஈமெயிலுக்கு "இன்று நேரில் கொடுத்த சான்றின் படம்" என்று ஒரு வரியோடு அனுப்பிவிடுங்கள்.